வேங்கடத்துச் சாலையில் விடுபட்ட ஏடுகள்

சங்கப் பாடல்களில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. பாலைத்திணையை எங்கே பிரித்தாலும் பரற்கல் உறுத்தும் தடம், கிளைத்துப் பிரியும் கவலை, ஆறலைப்போர் பதுங்கும் மேடு என்று ஏதாவது ஒரு வழி நம் முன் நீளும். ஆனால் வழி போடும் காட்சி அரிது. அப்படி ஒன்று அகநானூற்றில் மூன்று இடங்களிலும் (69, 251, 281) புறநானூற்றில் ஓரிடத்திலும் (175) வருகிறது. மோரியரின் தேர்ச்சக்கரம் உருண்டு செல்வதற்காக வானளாவிய மலையின் பாறையை வெட்டிக் குறைத்து வழி செய்தார்கள் என்பது செய்தி. பாறையைக் குறிக்க 'அறை' என்ற சொல்லைப் புலவர்கள் ஆளுகிறார்கள்.

மோரியர் என்பவர் மௌரியர்தாமா, அவர்கள் வெட்டிய மலை எது, தமிழகத்துக்குள் அவர்கள் வந்தார்களா என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. புறநானூற்றின் பழைய உரைகாரர் மோரியரைச் சக்கரவாளச் சக்கரவர்த்தி என்று சொல்லிப் புராணத்துக்குள் அனுப்பிவிடுவார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. என்னை அங்கே நிறுத்துவது வேறொன்று. வந்தவர் எத்தனை பேர், எங்கே போரிட்டார்கள், யார் வென்றார்கள் என்பதையெல்லாம் பாடல்கள் ஏறக்குறைய விட்டுவிட்டன. வெட்டுப்பட்ட பாறையை மட்டும் விடவில்லை. நான்கு முறை, மூன்று வெவ்வேறு புலவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அந்த நான்கில் புறநானூற்றுப் பாடல் கள்ளில் ஆத்திரையனார் பாடியது. பாடப்பட்டவன் ஆதனுங்கன். பாறையை வெட்டித் திறந்த இடைகழியில் நின்று ஒளிதரும் ஞாயிற்றைப் போலப் பலரையும் புரப்பவனே என்று புலவர் அவனை வாழ்த்துகிறார். இந்த ஆதனுங்கன் வேங்கட மலைக்குரிய தலைவன். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாகக் காட்டும் அதே வேங்கடம். இன்று நாம் திருப்பதி என்று சொல்லி மொட்டையடித்துக்கொள்ளப் போகிற இடம்.

அந்த வேங்கடத்தில் 1944-ஆம் ஆண்டு மறுபடியும் பாறையை வெட்டினார்கள். இம்முறை மோட்டார் வண்டிக்காக.

*

அதுவரை திருமலைக்கு நடந்தோ டோலியிலோதான் போகவேண்டும். அலிபிரிப் படிகளும் சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டும் பழைய வழிகள். சென்னை மாகாணத்தில் ஆர்தர் ஹோப் ஆளுநராக இருந்தபோது முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. அதைத் திட்டமிட்டதில் பொறியாளர் விசுவேசுவரய்யாவுக்குப் பங்குண்டு. போகவும் வரவும் அந்த ஒற்றைச் சாலைதான் இருந்தது. 1970-களில் இரண்டாவது சாலை வந்தபின், பழையது இறங்குவதற்கும் புதியது ஏறுவதற்கும் என்றாயிற்று. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பழைய சாலையில் தலைசுற்றாமல் இறங்கியவர்கள் பாக்கியவான்கள்.

இந்தச் சாலைகள் மலையின் விலாவைச் சீவிக்கொண்டு செல்கின்றன. சீவிய இடத்திலும், அதையொட்டிய ஓடைப் பள்ளங்களிலும், இயற்கையான செங்குத்துச் சரிவுகளிலும் ஒரு கோடு தெரிகிறது. கோட்டுக்குக் கீழே கருங்கல் இனத்தைச் சேர்ந்த கிரானைட்டுப் பாறை. உருண்டு திரண்டு, அடுக்கு எதுவும் இல்லாமல் கிடப்பது. கோட்டுக்கு மேலே குவார்ட்சைட்டு எனப்படும் இறுகிய மணற்பாறை. ஏடுகளை அடுக்கியதுபோல் படுகை படுகையாகக் கிடப்பது. நிலவியலாளர் இதற்கு நகரி குவார்ட்சைட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் புத்தூரை நெருங்குகையில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் நகரி மலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூக்கும் இதே இனத்துப் பாறைதான்.

கீழே உள்ள பாறை உருவாகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பார்கள். மேலே உள்ள மணல் வந்து படிந்தது சுமார் 160 கோடி ஆண்டுகளுக்கு முன். இடையில் விடுபட்ட காலத்தை ஐம்பது கோடி ஆண்டு என்று சிலரும் எண்பது கோடி என்று சிலரும் கணக்கிடுகிறார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் மனித இனம் தோன்றி ஆன காலம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தக் காலத்தில் இங்கே மலைகள் இருந்திருக்கும். மழை பெய்திருக்கும். மலைகள் கரைந்து சமநிலமாகியிருக்கும். அதன்மேல் கடல் ஏறியபின்தான் மணல் படிந்தது. கரைந்துபோன அத்தனைக்கும் சாட்சி அந்த ஒரு கோடு. நிலவியலில் இதை இயைபின்மை என்பர். திருமலையில் உள்ளதற்கு 'எப்பார்க்கேயன் இயைபின்மை' என்று முழுப்பெயர். இந்திய நிலவியல் ஆய்வகம் இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக அறிவித்திருக்கிறது. கோயிலுக்கு அருகே உள்ள சிலாதோரணமும், அதாவது காற்றும் நீரும் அரித்து உண்டாக்கிய இயற்கை வளைவும், அப்பட்டியலில் இருக்கிறது. தோரணத்தைப் பார்க்க மக்கள் போகிறார்கள். கோட்டைப் பார்ப்பவர் இல்லை.

தமிழ் படித்தவனுக்கு இதை விளங்கிக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஐங்குறுநூறு பெயருக்கேற்ப ஐந்நூறு பாடல் கொண்டது. ஆனால் 129, 130 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்பில் 128 முடிந்தபின் 131 தொடங்கும். இடையில் இரண்டு பாடல் இல்லை என்பது குறிக்கப்பட்டிருக்கும். உ.வே.சாமிநாதையர் 1903-இல் அதைப் பதிப்பித்தபோது 131-ஐ 129 என்று எண்ணிட்டு ஒழுங்காக்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. நூலும் பார்க்க முழுமையாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. இல்லாததை இல்லாததாகவே காட்டுவது பதிப்பாசிரியனின் கடன். திருமலைக் கோடு பூமி தன் கையால் இட்ட அத்தகைய குறிப்பு. அதன்மேல் பூசி மெழுகினால் 128-க்குப்பின் 129 வந்துவிடும்.

*

இதையெல்லாம் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டியல் தாள் எடுத்த மாணவர்களைத் திருமலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கோயில் மதிற்சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். கூட்டத்தில் நின்று நிதானமாகப் படிக்கமுடியாது என்றாலும், எழுத்தின் வடிவத்தைக் கண்ணால் பார்க்கவாவது பார்க்கலாமே என்பது எண்ணம். துணைக்கு எங்கள் கல்லூரியின் நிலவியல் துறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் வந்தது பெருமாளுக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

இறங்கும்போது முன்னே ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட, பின்னால் வந்த வண்டிகள் அனைத்தும் வரிசையாக நின்றன. அவர் இறங்கினார், நானும் இறங்கினேன். மடக்கிய குடையை நீட்டிச் சரிவைக் காட்டி, "காலையில் நீங்கள் பசங்களுக்குக் காட்டின கல்வெட்டுக்கு என்ன சார் வயசு?" என்று கேட்டார்.

"ஆயிரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே."

"இது எண்பது கோடி. இதுவும் எழுத்துதான். இதைப் படிக்கவும் ஆள் வேணும்."

பசங்கள் செல்பேசியில் படம் எடுத்தார்கள். படத்தில் எல்லோரும் நன்றாக விழுந்திருந்தார்கள், கோடுதான் விழவில்லை. வண்டி புறப்பட்டபின் அவர் சொன்னது இன்னும் மனத்தில் இருக்கிறது. இந்தச் சாலை போடாமல் இருந்திருந்தால் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பேர் கண்ணில் படும்படி இது வெளியே வந்திருக்காது. ஆனால் இந்தச் சாலையைச் சரியாகப் பராமரித்தால் இது மறைந்துவிடும். அப்போது ஏதோ விடுகதை போடுகிறார் என்று நினைத்தேன்.

*

விடுகதை இல்லை, வரலாறு. நிலவியல் என்ற துறையே கால்வாயும் சாலையும் ரயில்பாதையும் வெட்டியவர்களின் முதுகில் ஏறி வளர்ந்தது. இங்கிலாந்தின் முதல் பெரிய நிலவியல் வரைபடத்தை 1815-இல் வெளியிட்ட வில்லியம் சிமித் கால்வாய்க்கு அளவை செய்தவர். மண்ணை வெட்ட வெட்ட வெளிப்பட்ட அடுக்குகளின் ஒழுங்கைக் கண்டு வியந்தவர். அவருக்குப்பின் ரயில் யுகம் வந்தது. நாடெங்கும் குன்றுகளைப் பிளந்தார்கள். பிளந்த பக்கங்கள் புல் முளைத்து மூடுவதற்குள் வரைந்து வைத்துவிட வேண்டும் என்று பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1840-ஐ ஒட்டி ஒரு குழுவே அமைத்தது. திறந்தது மூடும் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

நம் ஊர்ச் சான்று இன்னும் அழகானது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், பல்லாவரத்துப் படைத் திடலில் சரளை எடுப்பதற்காக வெட்டிய குழி ஒன்றின் அருகே, அள்ளிப்போட்ட குவியலில் இருந்து ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர். அந்தக் கல் மனிதன் கையால் செதுக்கப்பட்ட கருவி. இந்தியாவில் பழைய கற்காலம் என ஒன்று இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் திருவள்ளூரை அடுத்த அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். 2011-இல் வெளிவந்த ஆய்வு அத்திரம்பாக்கத்தின் காலத்தை 15 லட்சம் ஆண்டுகள் வரை கொண்டுபோயிற்று. (இந்தக் கிங்தான் 1872-இல் கடப்பை, கர்நூல் பாறை வரிசைகளைப் பற்றிப் பெரிய அறிக்கை எழுதியவர். திருமலைக் குவார்ட்சைட்டு அந்தக் கடப்பை வரிசையில் சேரும். நியாண்டர்தால் மனிதனுக்கு அறிவியற்பெயர் சூட்டிய கால்வே நகரத்துப் பேராசிரியர் வில்லியம் கிங் இவருடைய தந்தை. அப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கமாக மனிதனின் வயதைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!)

சரளைக்குழி வெட்டிய கூலியாளின் மண்வெட்டி இல்லையென்றால் ஃபூட் குனிந்திருக்க மாட்டார். அந்தக் குழி இன்று எங்கே என்று கேட்டால் கைகாட்ட ஆளில்லை.

*

பல்லாவரத்துக்கு நிலவியலில் இன்னொரு பெருமை உண்டு. உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் 'சார்னோக்கைட்டு' என்ற பாறை இந்த ஊருக்குரியது. கல்கத்தா நகரத்தைத் தோற்றுவித்தவர் எனச் சொல்லப்படும் ஜாப் சார்னோக் 1690-களின் தொடக்கத்தில் இறந்தபோது, அவர் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் கொண்டுபோனார்கள். இருநூறு ஆண்டு கழித்து தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அக்கல்லை ஆராய்ந்து, அது பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையே என்று கண்டு, 1893-இல் சார்னோக்கின் பெயரால் அதை அழைத்தார். 1900-இல் விரிவான நூலும் எழுதினார். பூமியின் மேலோட்டில் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவாகிப் பின் மேலெழுந்து வந்த பாறை இது. உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் நீலம் கலந்த கருமை மினுங்கும். ஊர்க்காரர் எவரும் இதைச் சார்னோக்கைட்டு என்று சொல்வதில்லை. கருங்கல் என்பார்கள், உடைத்துவிட்டால் ஜல்லி.

பெயர்சூட்டும் உரிமை யாருக்குக் கிடைக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு என்பதை மறைப்பானேன்! அந்தப் பாறையில் வாழ்ந்த ஊரின் பெயர் இருந்திருக்கலாம். மகேந்திரவர்மன் அந்தக் குன்றில் குடைவரை ஒன்று குடைந்து தன் விருதுப் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறான். அவன் பெயரையாவது வைத்திருக்கலாம். அந்தக் குடைவரை இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. வழிபாட்டில் இருப்பதாலேயே பிழைத்தது என்றும் சொல்லலாம். பிணத்தின்மேல் வைத்த கல்லின் வழியாக உலகப் புகழ் வந்தது விதியின் விளையாட்டு.

பரங்கிமலைச் சார்னோக்கைட்டும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறது. அடியில் ஜி.எஸ்.டி. சாலை ஓடுகிறது. அதை ஒட்டிக் கடற்கரை-தாம்பரம் மின்ரயில் பாதை, 1931-இல் மின்மயமானது. எதிரே விமான நிலையம். நாள்தோறும் லட்சக்கணக்கானோர் அந்தக் குன்றின் காலடியில் போகிறார்கள். அவர்களில் நானும் ஒருவனாகச் சில ஆண்டுகள் போய்வந்தேன். ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு பரீட்சைத்தாள் திருத்தியதைத் தவிர வேறெதுவும் நினைவில்லை.

இந்தப் பக்கத்துக் குன்றுகளை நெடுங்காலம் உடைத்திருக்கிறார்கள். உடைத்த கல் எங்கே போயிருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். கருங்கல் ஜல்லிக்குச் சாலையும் கட்டடமும் ரயில் தண்டவாளமுமே பெரிய வாய்கள். ஒரு பாறைக்கு உலகத்தில் பெயர் வந்த ஊரிலேயே அந்தப் பாறை சாலைக்கு அடியில் படுத்துக்கிடக்கிறது; நாம் அதன்மேல் போகிறோம்.

*

கல்லுடைப்பது ஒருவகை அழிவு. அது கண்ணுக்குத் தெரியும், எதிர்க்கவும் முடியும். திருமலைச் சாலையில் உள்ள சிக்கல் அப்படிப்பட்டதல்ல. அங்கே அழிவு நல்லெண்ணத்தோடு வரும்.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் அப்பகுதியில் பேய்மழை. டிசம்பர் முதல் நாள், ஏறும் சாலையில் பெரும் பாறைகள் உருண்டு விழுந்து சாலையைப் பெயர்த்துப்போட்டன. பேருந்தில் வந்த அடியார்கள் மயிரிழையில் தப்பினார்கள். சில நாள் அந்தச் சாலையை மூடவேண்டியிருந்தது. வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டார்கள். நாள்தோறும் பல்லாயிரம் பேர் பயணம் செய்யும் வழி. கைக்குழந்தையோடு வரும் தாயின் தலைமீது கல் விழக்கூடாது என்று நினைப்பவனிடம் எண்பது கோடி ஆண்டு இடைவெளி பற்றிப் பேசமுடியாது. பேசவும் கூடாது.

பாறை விழாமல் தடுக்கப் பொறியாளர்களிடம் பல முறைகள் உண்டு. தளர்ந்த கற்களைக் கையாலோ கருவியாலோ உதிர்த்துவிடுவது. நீண்ட இரும்பு முளைகளைப் பாறைக்குள் செலுத்தி இறுக்குவது. கம்பிவலையைத் திரைபோலத் தொங்கவிட்டு, உருளும் கல்லை அடியிலேயே பிடிப்பது. அடிவாரத்தில் தாங்குசுவர் எழுப்புவது. சிமெண்டுக் கலவையைக் குழாயால் பீய்ச்சி அடித்து முகம் முழுவதையும் மூடிவிடுவது. உயிரைக் காப்பது எல்லாவற்றின் நோக்கம். ஆனால் பாறையைப் பொறுத்தமட்டில் இவற்றுக்குள் வேறுபாடு பெரிது. முளை அடித்தாலும் வலை போட்டாலும் பாறை தெரியும். சிமெண்டு அடித்தால் போயிற்று. உள்ளே இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம். மையால் அடித்த எழுத்தும் தாளில் இருக்கத்தான் செய்கிறது.

எங்கே எதைச் செய்வது என்பதை முடிவு செய்யும் மேசையில் ஒரு நிலவியலாளர் உட்கார்ந்திருக்கக்கூடும். சரிவு எந்தக் கோணத்தில் நிற்கும், நீர் எங்கே ஊறுகிறது என்று சொல்வதற்காக. அவரிடமே இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: இந்தச் சரிவில் படிக்கவேண்டிய இடம் எது? திருமலைச் சாலை முழுவதும் நினைவுச்சின்னம் ஆகிவிடவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கோடு தெளிவாகத் தெரியும் சில பத்து மீட்டர் போதும். அங்கே மட்டும் முளையும் வலையும். மற்ற இடங்களில் பொறியாளர் தம் விருப்பம்போல் செய்யட்டும். இந்த ஒரு வரி மதிப்பீட்டுத்தாளில் முதலிலேயே ஏறினால் செலவு சொற்பம். பூசியபின் சுரண்டுவது யாராலும் ஆகாது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1887-இல் விக்டோரியா பூங்காவை அமைத்தபோது, பழைய கல்குவாரி ஒன்றின் ஊடே பாதை வெட்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து கல்லாகிப்போன மர அடிகள் எழுந்து வந்தன, மொத்தம் பதினொன்று. 30 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை. பூங்கா வேலை பார்த்தவர்கள் பாதையைத் தம் வழியில் போகச்செய்து, மர அடிகளுக்கு மேல் கூரை போட்டார்கள். 1890 முதல் அது காட்சிக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு மேற்கே, நெடுஞ்சாலை எண் 70-க்காக ஒரு மலைமுகட்டைப் பிளந்தார்கள். சாய்ந்து நிற்கும் அடுக்குகள் பல நிறத்தில் வெளிவந்தன. அங்கே சரிவுக்கு நடைபாதையும் விளக்கப் பலகையும் வைத்து, 1973-இல் தேசிய இயற்கை அடையாளமாக அறிவித்தார்கள். மேரிலாந்தில் சைட்லிங் குன்றை 1980-களில் நூறு மீட்டர் ஆழத்துக்கு வெட்டினார்கள். தோணிபோல் வளைந்த பாறை அடுக்கு வெளிப்பட்டது. வண்டியை நிறுத்திப் பார்க்க இடம் செய்துகொடுத்தார்கள். சாலையால் கிடைத்ததைச் சாலைத்துறையே காட்சிக்கு வைத்தது என்பது இங்கே கவனிக்கவேண்டியது. அதற்கென்று தனியாக ஒரு மலையை யாரும் வாங்கவில்லை.

*

நம் நாட்டில் நிலவியல் நினைவுச்சின்னம் என்ற அறிவிப்புக்குப் பின்னால் சட்டத்தின் கை பலவீனமானது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் மனிதன் ஆக்கியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மகேந்திரனின் குடைவரை அதன் கண்ணில் படும். அது குடையப்பட்ட பாறை படாது. ராஜஸ்தானில் பார் என்ற ஊரருகே நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கும் கூழாங்கற்பாறையும் தேசிய நினைவுச்சின்னம்தான். சாலை அகலமாகும் ஒவ்வொரு முறையும் அப்படிப்பட்ட இடங்களின் கதி, அந்த ஒப்பந்தக்காரரும் மேற்பார்வையாளரும் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது.

2022 டிசம்பரில் மத்திய சுரங்கத்துறை அமைச்சகம் நிலவியல் மரபிடங்களைப் பாதுகாக்க ஒரு சட்ட வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அறிவிக்கப்பட்ட இடத்தில் கட்டடம் எழுப்பவும் அதை வேறுவகையில் பயன்படுத்தவும் தடை, மீறினால் தண்டனை என்று அதில் பிரிவுகள் உண்டு. அதிகாரம் முழுவதும் ஓரிடத்தில் குவிகிறது, பல்கலைக்கழகங்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் குரல் இல்லை என்று ஆய்வாளர்கள் சிலர் குறைகூறினார்கள். நியாயமான குறைதான். எனக்கு அதைவிட உறுத்தியது தடைப்பிரிவில் இருந்த விலக்கு. பாதுகாப்புக்கான கட்டுமானத்துக்கும் மக்களுக்கு இன்றியமையாத பொதுப்பணிகளுக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது வரைவு.

சாலையைவிட இன்றியமையாத பொதுப்பணி எது? ரயில்பாதை எது? தாங்குசுவர் எது? நிலவியல் மரபிடங்களுக்கு அன்றாடம் ஆபத்து வரும் வாசல் எதுவோ அந்த வாசலை மட்டும் திறந்து வைத்துவிட்டு, மற்ற கதவுகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டிருந்தார்கள். விலக்கே கூடாது என்று சொல்லமாட்டேன். மேலே சொன்ன தாயும் குழந்தையும் என் கண்முன் நிற்கிறார்கள். பொதுப்பணி செய்யுங்கள், ஆனால் செய்வதற்கு முன் அந்த முகத்தை அளந்து, படமெடுத்து, எந்தப் பகுதி திறந்திருக்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டபின் செய்யுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். 1840-இல் ரயில்வே வெட்டுகளுக்குப் பின்னால் ஓடிய அந்தக் குழுவுக்குத் தோன்றியது அதுதான்.

*

சென்ற ஆண்டு குடும்பத்தோடு திருமலைக்குப் போனேன். இறங்கும் பேருந்தில் மலைப்பக்கத்து ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். பகல் வண்டியாகப் பார்த்து ஏறவேண்டும், இரவில் பயனில்லை. மேலே கிளம்பியதும் படுகை படுகையான செங்குத்துச் சுவர்கள் வந்துகொண்டே இருக்கும். அவை முடிந்து, அடுக்கில்லாத உருண்ட பாறைகள் தொடங்கும் இடத்துக்காகக் காத்திருக்கவேண்டும். வளைவுக்கு வளைவு வண்டி சாய்கிறது, மரங்கள் மறைக்கின்றன. ஒரு வளைவில் தெரிந்தது. இரண்டு நொடி இருக்கும்.

பக்கத்து இருக்கையில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர், ஆரணிப் பக்கத்துக்காரர், நான் கழுத்தை நீட்டி எட்டிப்பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்னங்க தம்பி, சிறுத்தையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா, பாறை" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிக் குனிந்து வெளியே பார்த்தார். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.